"சேவ் ஆயிடுச்சு"ன்னு சொன்னது யாரு?

இந்த மாசம் வந்த கேள்விகள பிரிச்சு வச்சு பாத்தா பாதிக்கு மேல ஒரே குடும்பம். டேட்டாபேஸ் எப்பதான் டிஸ்க்ல எழுதுது, எழுதிட்டேன்னு சொன்னா நம்பலாமா, ரேம் எல்லாம் எங்க போகுது. மழைக்காலம், கரண்ட் கட்டு, அதான் காரணமோ என்னமோ. மத்த கேள்விய எல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கறேன், கோவிச்சுக்காதீங்க.

சார், எங்க ஹார்டுவேர் கடைல பில்லிங் சாஃப்ட்வேர் ஓடுது. லினக்ஸ் சர்வர்னு சொல்லி ஒரு பெட்டி வச்சுக் குடுத்திருக்காங்க. போன வாரம் கரண்ட் போச்சு, யுபிஎஸ் பேட்டரி எப்பவோ செத்துப்போச்சு போல, உடனே எல்லாம் ஆஃப். திரும்ப ஆன் பண்ணா கடைசி ரெண்டு பில்லு காணோம். ரெண்டுக்கும் "சேவ்டு"ன்னு பச்சையா வந்துச்சு சார், பிரிண்ட் எடுத்து கஸ்டமர் கையில குடுத்தாச்சு. அப்புறம் எங்க போச்சு?
— கடைக்காரர், விருதுநகர்

சாஃப்ட்வேர் வேணும்னே பொய் சொல்லல. அதுக்கு ஒருத்தர் சொன்னத அது நம்பி அப்படியே உங்ககிட்ட ஒப்பிச்சிருக்கு.

லாரில இருந்து சிமென்ட் மூட்டை எறக்கற ஆளு, குடோனுக்குள்ள கொண்டுபோய் அடுக்காம உங்க கடைத் திண்ணைலயே வச்சுட்டு "எறக்கியாச்சு மொதலாளி"ன்னு துண்ட உதறிட்டுப் போனா எப்படி இருக்கும், அதேதான் இங்க நடக்குது. ஒரு புரோகிராம் "இத ஃபைல்ல எழுது"ன்னு சொன்னதும் கெர்னல், அதான் லினக்ஸோட மையப்பகுதி, அந்த டேட்டாவ ரேம்ல ஒரு இடத்துல வச்சுக்கிட்டு "எழுதியாச்சு"ன்னு பதில் குடுத்துடும், டிஸ்க் பக்கம் இன்னும் திரும்பிக்கூட பாத்திருக்காது. அந்தத் திண்ணைக்குப் பேரு பேஜ் கேஷ். கல்லாப்பெட்டி கேஷ் இல்ல, ஆனா தொலைஞ்சா அதே அளவு வயிறு எரியும்.

ஏன் இப்படின்னா சோம்பேறித்தனம் இல்ல, கணக்குதான். ரேம்ல வைக்கறது மைக்ரோசெகண்ட் சமாச்சாரம், சுத்தற ஹார்டு டிஸ்க்ல எழுதறது மில்லிசெகண்ட் சமாச்சாரம், ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம். அதுவும் இல்லாம ஒரே இடத்த பத்து தடவ மாத்தி எழுதுனா கடைசியா ஒரே ஒரு தடவ டிஸ்க்குக்குக் கொண்டுபோனா போதும்ல, திண்ணைல கொஞ்ச நேரம் வச்சிருக்கறது லாபம்தான். மழை வராத வரைக்கும்.

எவ்ளோ நேரம் வச்சிருக்கும்? லினக்ஸ்ல யாரும் செட்டிங்க மாத்தலன்னா 5 செகண்டுக்கு ஒரு தடவ ஒரு ஆளு எந்திரிச்சு வந்து பாப்பான், 30 செகண்டுக்கு மேல திண்ணைல கெடக்கறத டிஸ்க்குக்கு அனுப்புவான். மெமரிய துண்டு துண்டா பிரிச்சு ஒவ்வொரு துண்டையும் பக்கம்னு சொல்லுவாங்க, இப்படி இன்னும் டிஸ்க்குக்குப் போகாத பக்கத்துக்கு டர்ட்டி பேஜ்னு பேரு, துவைக்காத துணின்னு வச்சுக்கோங்க. அழுக்குத்துணி கைவசம் இருக்கற மெமரில 10 சதவீதம் தாண்டுனா 30 செகண்ட் கணக்கெல்லாம் பாக்காம பின்னாடி துவைக்க ஆரம்பிச்சிடும், 20 சதவீதம் தொட்டுட்டா எழுதற புரோகிராமையே புடிச்சு "நீயும் நில்லு, துவைச்சு முடிச்சப்புறம் பாக்கலாம்"னு நிறுத்திடும். உங்க கடைல 20 சதவீதம் எல்லாம் வந்திருக்காது. கடைசி ரெண்டு பில்லுன்னு நீங்க சொன்னதும் அந்த அரை நிமிஷ கணக்குதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு.

இங்க ஒண்ணு கவனிங்க. கரண்ட் இருந்து சாஃப்ட்வேர் மட்டும் கிராஷ் ஆயிருந்தா பில்லு போயிருக்காது, ஏன்னா திண்ணை கெர்னலோடது, சாஃப்ட்வேரோடது இல்ல, அது செத்தாலும் மூட்டை அங்கயே இருக்கும், கெர்னல் அதுபாட்டுக்கு உள்ள அடுக்கிடும். கரண்ட் போனா, இல்ல கெர்னலே விழுந்தாதான் சேதம். இதனாலதான் நிறைய பேரு புரோகிராம கில் பண்ணிப் பாத்துட்டு "எங்க சாஃப்ட்வேர்ல டேட்டா போகவே போகாது"ன்னு சத்தியம் பண்றாங்க.

மருந்து என்னன்னா எஃப்சிங்க்னு ஒரு சிஸ்டம் கால், அதாவது புரோகிராம் கெர்னல்கிட்ட வைக்கற ஒரு கோரிக்கை. "குடோன்ல அடுக்கிட்டு வந்து சொல்லு, நீ சொல்ற வரைக்கும் நான் நகர மாட்டேன்"னு அர்த்தம். ஒழுங்கான டேட்டாபேஸ் எல்லாம் பில்லு கமிட் ஆகும்போது, அதாவது பதிவு உறுதியாகும்போது, இத கூப்பிட்டு, பதில் வந்தப்புறம்தான் "சேவ்டு" காட்டும். உங்களுக்கு சாஃப்ட்வேர் குடுத்தவங்ககிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க: பின்னாடி இருக்கறது நிஜ டேட்டாபேஸா, இல்ல நீங்களே ஃபைல் எழுதறீங்களா? டேட்டாபேஸ்னா, வேகத்துக்காக எஃப்சிங்க ஆஃப் பண்ணி வச்சிருக்கீங்களா? ரெண்டாவது கேள்விக்கு அவங்க முழிக்கற முழியிலயே பதில் கெடச்சிடும். அப்புறம் அந்த பேட்டரி, அத முதல்ல மாத்துங்க சார்.

அண்ணா, ஒவ்வொரு கமிட்டுக்கும் எஃப்சிங்க் பண்ணா டேட்டாபேஸ் ஊர்ந்துல்ல போகணும்? ஒரு அப்டேட்ல டேபிள், நாலு இண்டெக்ஸ்னு டிஸ்க்ல எங்கெங்கயோ மாறுது. எல்லாத்தையும் எழுதி முடிச்சாதான் கமிட்டா? ரைட் அஹெட் லாக், சுருக்கமா வால்னு ஒண்ணு சொல்றாங்க, எங்க சார் நடத்துனாரு, புரியல.
— மூன்றாம் ஆண்டு மாணவர், கோவை

தம்பி, பள்ளிக்கூடத்துல வணிகவியல் குரூப் படிச்ச பிரெண்டு யாராவது இருந்தா கூட்டிட்டு வா, அவன் உன் வாத்தியார விட நல்லா சொல்லுவான். அவங்களுக்கு முதல் பாடமே குறிப்பேடு, பேரேடுதான். நடக்கற வியாபாரத்த எல்லாம் நடந்த வரிசைல குறிப்பேட்டுல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதிக்கிட்டே போகணும், அப்புறம் ஆற அமர உக்காந்து முருகன் கணக்கு, சர்க்கரைக் கணக்குன்னு பேரேட்டுல அந்தந்த பக்கத்தப் புரட்டி ஏத்தணும். டேட்டாபேஸ் பண்றது அச்சு அசல் இதேதான். வால் தான் குறிப்பேடு, டேபிளும் இண்டெக்ஸும் பேரேடு.

கமிட் பண்ணும்போது குறிப்பேட்டு வரி மட்டும் டிஸ்க்ல ஏறுனா போதும், எஃப்சிங்க் அதுக்கு மட்டும்தான். அது எப்பவும் கடைசில போய் ஒட்டிக்கற எழுத்து, வால்னு பேரு பொருத்தமாத்தான் இருக்கு, டிஸ்க் அங்கயும் இங்கயும் ஓட வேண்டாம். பேரேட்டுப் பக்கங்கள் ரேம்லயே மாறி அழுக்காவே கெடக்கும், அப்புறம் எழுதிக்கலாம். விதி ஒண்ணே ஒண்ணு: பேரேட்டுப் பக்கம் டிஸ்க்குக்குப் போறதுக்கு முன்னாடி அதப் பத்தின குறிப்பேட்டு வரி டிஸ்க்ல இருந்தே ஆகணும். நடுவுல கரண்ட் போனா, எந்திரிச்சதும் குறிப்பேட்ட எடுத்து வச்சுக்கிட்டு பேரேட்டுல ஏறாதத எல்லாம் திரும்ப ஏத்திடும்.

குறிப்பேடு வளந்துக்கிட்டே போனா எந்திரிக்கறப்ப ராத்திரி பூரா படிக்கணுமே, அதுக்குத்தான் செக்பாயிண்ட். போஸ்ட்கிரஸ்ங்கற டேட்டாபேஸ்ல தானா இருக்கற செட்டிங் 5 நிமிஷத்துக்கு ஒண்ணு, இல்லன்னா வால் 1 ஜிபி பக்கம் வந்தா அதுக்கு முன்னாடியே. அந்த நேரத்துல அழுக்குப் பக்கம் எல்லாத்தையும் எழுதி, எஃப்சிங்க் பண்ணி, "இதுவரைக்கும் பேரேடு சரி"ன்னு கோடு போட்டுடும். எல்லாத்தையும் ஒரே மூச்சுல தள்ளுனா டிஸ்க் திணறும்னு, இடைவெளில 90 சதவீத நேரத்துக்குப் பரப்பி மெதுவா எழுதும். 14-வது வெர்ஷனுக்கு முன்னாடி இது 50 சதவீதம்தான், அப்பல்லாம் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ சர்வர் மூச்சு வாங்கறத கிராஃப்லயே பாக்கலாம்.

அப்புறம் வேகம் பத்தி கேட்டியே. நூறு பேரு ஒரே நேரத்துல கமிட் பண்ணா நூறு எஃப்சிங்க் நடக்காது, ஷேர் ஆட்டோ மாதிரி நிக்கறவங்கள எல்லாம் ஏத்திக்கிட்டு ஒரே டிரிப்பு அடிக்கும், குரூப் கமிட்னு பேரு. கூட்டம் சேரச் சேர ஆளுக்கு ஆகற செலவு கொறையும்.

இன்னொண்ணு, இது பரீட்சைக்கு வராது ஆனா தெரிஞ்சுக்கோ. கிராஷுக்கு அப்புறம் குறிப்பேட்ட வச்சு எப்படி எந்திரிக்கணும், முடியாம பாதில நின்ன டிரான்சாக்ஷன எப்படி திருப்பி அழிக்கணும்னு படிப்படியா வகுத்துச் சொன்னது ஏரீஸ்னு ஒரு முறை. 1992-ல அந்தக் கட்டுரை வந்துச்சு. ஐபிஎம்ல இருந்தவங்க எழுதினது, அதுல முதல் பேரு சி. மோகன், ஐஐடி மெட்ராஸ்ல கெமிக்கல் இன்ஜினியரிங் படிச்சவரு. டிபி2, எஸ்க்யூஎல் சர்வர்ங்கற ரெண்டு டேட்டாபேஸும் அந்த வழில வந்ததுதான். உங்க சார் அடுத்த தடவ வால் நடத்தும்போது இந்தப் பேர சொல்லிப் பாரு, மார்க் வரலன்னாலும் மரியாத வரும்.

சர்வர்ல 64 ஜிபி ரேம், ஃப்ரீ கமாண்ட் அடிச்சா 1 ஜிபி கூட ஃப்ரீயா இல்ல. மெமரி லீக்கா? தெனமும் கேஷ காலி பண்ண, குறிச்ச நேரத்துல தானா ஓடற ஒரு கிரான் போட்டு வச்சிருக்கேன், சரியா?
— சிஸ்டம் அட்மின், சென்னை

அந்த கிரான இப்பவே எடுத்துடுங்க. லினக்ஸ் சும்மா கெடக்கற ரேம்ல படிச்ச ஃபைலயெல்லாம் வச்சுக்கும், யாராவது மெமரி கேட்டா அழுக்கில்லாத பக்கத்த அந்த நிமிஷமே விட்டுக்குடுத்துடும். நீங்க பாக்க வேண்டியது "ஃப்ரீ"ன்னு தலைப்பு போட்ட எண் இல்ல, "அவெய்லபிள்"னு போட்ட எண். தெனமும் அத காலி பண்றது, வீட்டம்மா மாவரைச்சு வச்சத ராத்திரி கொட்டிட்டு காலைல இட்லி ஏன் லேட்டுன்னு கேக்கற மாதிரி.

போஸ்ட்கிரஸுக்கு மட்டும்னு ஒரு சர்வர், 32 ஜிபி ரேம். ஷேர்ட் பஃபர்ஸ் 8 ஜிபி போதும்னு எல்லாரும் சொல்றாங்க. மைஎஸ்க்யூஎல்ல வேல பாத்த இடத்துல 24 ஜிபி வரைக்கும் குடுத்தோம். போஸ்ட்கிரஸ் மட்டும் ஏன் இவ்ளோ கம்மியா சாப்பிடுது?
— டெவலப்பர், திருச்சி

கம்மியா சாப்பிடல, ரெண்டு வீட்டுல சாப்பிடுது. போஸ்ட்கிரஸ் ஷேர்ட் பஃபர்ஸ்னு தனக்குன்னு ஒரு கேஷ் வச்சிருந்தாலும் படிக்கறது எழுதறது எல்லாம் கெர்னலோட பேஜ் கேஷ் வழியாத்தான். அதனால ஒரே 8 கேபி பக்கம் ஷேர்ட் பஃபர்ஸ்லயும் இருக்கும், திண்ணைலயும் இருக்கும். நீங்க 28 ஜிபிய அள்ளி ஷேர்ட் பஃபர்ஸுக்குக் குடுத்தா திண்ணை சுருங்கிப்போகும், சார்ட்டுக்கும் கனெக்ஷனுக்கும் மெமரி இருக்காது, செக்பாயிண்ட் நேரத்துல மேஞ்சு பாக்க வேண்டிய பஃபரும் கூடும். கால்வாசில ஆரம்பிங்க, 40 சதவீதத்துக்கு மேல போனா பெருசா பலன் இருக்காதுன்னு அவங்க மேனுவல்லயே போட்டிருக்கு. மிச்ச ரேம் வீணாகல, திண்ணைல டேட்டாபேஸ் ஃபைல்தான் உக்காந்திருக்கும். எஃபெக்டிவ் கேஷ் சைஸ்னு ஒரு செட்டிங் இருக்கு பாருங்க, அது ஒரு பைட் மெமரி கூட எடுக்காது, டேட்டாவ எந்த வழில தேடறதுன்னு முடிவு பண்ற பிளானருக்கு "திண்ணைல இவ்ளோ இருக்கும்னு வச்சுக்கோ"ன்னு சொல்ற ஒரு தகவல், அவ்ளோதான். அத பாத்து பயந்து கொறச்சு வச்சிருக்கறவங்கள நான் நிறைய பாத்திருக்கேன்.

மைஎஸ்க்யூஎல்லுக்குள்ள டேட்டாவ எழுதிப் படிக்கற பகுதியான இன்னோடிபி வேற ஜாதி. அதுல ஓ-டைரக்ட்னு சொல்லி திண்ணையத் தாண்டி நேரா குடோனுக்கே போகலாம், 8.4 வெர்ஷன்ல இருந்து லினக்ஸ்ல தானாவே அப்படித்தான் வருது. கேஷ் வேலைய முழுசா தானே பாத்துக்கறதால பஃபர் பூலுக்கு 80 சதவீதம் வரைக்கும் கூட குடுக்கலாம். ஆனா ஓ-டைரக்ட் போட்டா எஃப்சிங்க் வேண்டாம்னு நெனச்சுடாதீங்க, டிஸ்க்குக்குள்ளயே ஒரு கேஷ் இருக்கு, ஃபைலோட அளவு மாறுனா அந்தக் கணக்கும் கெர்னல் கையில இருக்கு, அதனால எஃப்சிங்க் வேணும்.

ரெண்டுல எது புத்திசாலித்தனம்னு கேட்டா, கெர்னல் பாத்துக்கும்னு விட்டதாலதான் போஸ்ட்கிரஸ் இத்தன வருஷம் சின்ன டீமா இருந்தும் பிழைச்சுதுன்னு நான் நெனைக்கறேன். இப்ப அவங்களும் மெல்ல மாறறாங்க, 2025-ல வந்த 18-வது வெர்ஷன்ல அசிங்க் ஐஓ வந்திருக்கு, அதாவது டிஸ்க் பதிலுக்குக் காத்து நிக்காம அடுத்த வேலையப் பாக்கறது, ஆனா படிக்கறதுக்கு மட்டும்.

மைஎஸ்க்யூஎல்ல டபுள்ரைட் பஃபர்னு ஒண்ணு இருக்கு, எல்லாத்தையும் ரெண்டு தடவ எழுதுது, ஆஃப் பண்ணா வேகமா இருக்கும்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொல்றாரு. பண்ணலாமா?
— பெயர் வேண்டாம், பெங்களூரு

வேகமா இருக்கும், உண்மைதான். சைக்கிள்ல பிரேக்க கழட்டுனாலும் கொஞ்சம் வெயிட்டு கொறையும்.

விஷயம் இதான். இன்னோடிபி பக்கம் 16 கேபி, போஸ்ட்கிரஸ் பக்கம் 8 கேபி, ஆனா கீழ கெர்னலும் டிஸ்க்கும் பெரும்பாலும் 4 கேபி துண்டாத்தான் வேல செய்யுது. 16 கேபி எழுதும்போது பாதில கரண்ட் போச்சுன்னா பக்கத்தோட மேல் பாதி புதுசு, கீழ் பாதி பழசு. அப்ப குறிப்பேட்ட வச்சு சரி பண்ணலாமேன்னு தோணும், முடியாது, ஏன்னா குறிப்பேட்டுல பெரும்பாலும் "இந்தப் பக்கத்துல இந்த இடத்துல இத மாத்து"ன்னுதான் இருக்கும், கிழிஞ்ச பக்கத்துல எந்த இடம்னு எதப் புடிச்சு மாத்தறது?

அதனால இன்னோடிபி முதல்ல பக்கங்கள மொத்தமா ஒரு ஓரத்துல எழுதி வச்சுட்டு, அது பத்திரமா இறங்கினப்புறம்தான் சொந்த இடத்துல எழுதும். ரெண்டுல எது கிழிஞ்சாலும் இன்னொண்ணு முழுசா இருக்கும். போஸ்ட்கிரஸ் வேற வழி பாத்துச்சு, செக்பாயிண்டுக்கு அப்புறம் ஒரு பக்கத்த முதல் தடவ தொடும்போது மாத்தத்த மட்டும் எழுதாம முழுப் பக்கத்தையும் வால்ல போட்டுடும், ஃபுல் பேஜ் ரைட்ஸ்னு பேரு. செக்பாயிண்ட் முடிஞ்ச உடனே வால் திடீர்னு உப்பறது இதனாலதான், அடிக்கடி செக்பாயிண்ட் வச்சா வால் அளவு எகிறறதும் இதனாலதான். அத கொறைக்கணும்னா செக்பாயிண்ட் இடைவெளிய கூட்டுங்க, இத ஆஃப் பண்ணாதீங்க. கீழ இசட்எஃப்எஸ் மாதிரி பழைய பக்கத்து மேல எழுதாம புது இடத்துல எழுதற ஃபைல் சிஸ்டம் இருந்தா மட்டும் பேச்சு வேற. உங்க ஆபீஸ் நண்பர்கிட்ட அத கேளுங்க, ஆமான்னா உக்காந்து பேசலாம்.

எஃப்சிங்க் எஃப்சிங்க்னு இவ்ளோ சொல்றீங்களே, அந்த எஃப்சிங்கே ஃபெயில் ஆனா? போஸ்ட்கிரஸ்ல இதுனால பெரிய ரகளை நடந்துச்சுன்னு கேள்விப்பட்டேன்.
— டேட்டாபேஸ் அட்மின், சிங்கப்பூர்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்.

2018 மார்ச் மாசம். போஸ்ட்கிரஸ் டெவலப்பர்கள் பேசிக்கற மெயிலிங் லிஸ்ட்ல ஒரு புகார் வந்துச்சு. ஒரு இடத்துல ஸ்டோரேஜ் பிரச்சனையால டிஸ்க்ல எழுத முடியாம போச்சு, செக்பாயிண்ட் நேரத்துல எஃப்சிங்க் எரர் குடுத்துச்சு, போஸ்ட்கிரஸ் "சரி, திரும்ப முயற்சி பண்ணுவோம்"னு அடுத்த தடவ எஃப்சிங்க் பண்ணுச்சு, அது ஓகேன்னு வந்துச்சு, செக்பாயிண்ட் முடிஞ்சுதுன்னு கோடு போட்டுட்டு பழைய வால தூக்கிப் போட்டாச்சு. ஆனா டேட்டா டிஸ்க்ல இல்ல.

எப்படின்னா, நாம எல்லாரும் நெனச்சுக்கிட்டு இருந்தது எஃப்சிங்க் ஃபெயில் ஆனா மூட்டை திண்ணைலயே பத்திரமா இருக்கும், மறுபடி கேட்டா மறுபடி தூக்குவான்னு. லினக்ஸ் அப்படி பண்ணல. எழுத முடியலன்னதும் அந்தப் பக்கத்த அழுக்கு லிஸ்ட்ல இருந்து எடுத்து "சுத்தம்"னு முத்திரை குத்திடும். ரெண்டாவது தடவ எஃப்சிங்க் வந்து கேட்டா அழுக்கே இல்லையே, அதனால ஓகே. மூட்டை ஆத்தோட போயாச்சு, ரசீது மட்டும் கையில. இன்னொரு கூத்தும் இருந்துச்சு, 4.13-க்கு முந்தின கெர்னல்ல அந்த எரர யாராவது ஒருத்தர் முதல்ல கேட்டு வாங்கிட்டா அத்தோட அழிஞ்சிடும், அடுத்து வர்ற புரோசஸுக்கு எரர் வந்ததே தெரியாது. போஸ்ட்கிரஸோ பல புரோசஸா ஓடற ஜாதி.

கெர்னல்காரங்கள கேட்டா அவங்க பக்கமும் ஒரு நியாயம் வச்சிருந்தாங்க. எழுத முடியாம போறதுக்கு சாதாரணமா என்ன காரணம்னா யாரோ பென்டிரைவ நடுவுல புடுங்கிட்டு போறதுதான். போன பென்டிரைவ் திரும்ப வருமான்னு தெரியாம அதோட அழுக்குப் பக்கத்த எல்லாம் ரேம்ல காலத்துக்கும் கட்டிக்காத்தா, மெமரி நிரம்பி மெஷினே நின்னுடும்ல? ஞாயம்தான். ஆனா பென்டிரைவுக்குப் போட்ட சட்டத்த பேங்க் டேட்டாபேஸுக்கும் போட்டுட்டு அத எங்கயும் தெளிவா எழுதி வைக்காம விட்டது என்ன ஞாயம்னு எனக்கு இன்னிக்கும் கேக்கத் தோணுது. ஃப்ரீபிஎஸ்டில அழுக்க அழுக்காவே வச்சிருந்து மறுபடி முயற்சி பண்ணும், அதனால அங்க போஸ்ட்கிரஸோட நெனப்பு பலிச்சுது. அந்த ஏப்ரல்ல அமெரிக்கால யூட்டா மாநிலத்துல கெர்னல் ஸ்டோரேஜ் ஆளுங்க கூடுன இடத்துக்கு போஸ்ட்கிரஸ் ஆளுங்களும் போய் உக்காந்து பேசுனாங்க. சுமார் 20 வருஷமா தப்பா நம்பிக்கிட்டு இருந்திருக்கோம்னு ஒத்துக்கிட்டதும் நடந்துச்சு, அந்த நேர்மை எனக்குப் புடிச்சது.

2019 பிப்ரவரில வந்த 11.2, அதோட வந்த பழைய வெர்ஷன் பேட்ச் எல்லாத்துலயும் சரி பண்ணிட்டாங்க. எப்படி சரி பண்ணாங்கன்னு கேட்டா சிரிப்பீங்க: எஃப்சிங்க் ஃபெயில் ஆனா டேட்டாபேஸே வேணும்னே விழுந்துடும். பேனிக். யோசிச்சா அதுதான் சரி, திண்ணைய நம்ப முடியாதுன்னு ஆனப்புறம் நம்பறதுக்கு மிச்சம் இருக்கறது குறிப்பேடுதான், அத தூக்கிப் போடறதுக்கு முன்னாடியே விழுந்து எந்திரிச்சா கடைசி செக்பாயிண்ட்ல இருந்து எல்லாத்தையும் திரும்ப ஏத்திடலாம். மைஎஸ்க்யூஎல்லும், மாங்கோடிபி உள்ள இருக்கற வயர்டுடைகரும் இதே மாதிரி மாத்திக்கிட்டாங்க. அதனால உங்க போஸ்ட்கிரஸ் ஒரு நாள் எஃப்சிங்க் எரர் போட்டு பேனிக் ஆகி விழுந்தா அத திட்டாதீங்க, ஸ்டோரேஜ் ஆள கூப்பிடுங்க. டேட்டா சிங்க் ரீட்ரைன்னு ஒரு செட்டிங் இருக்கும், அத ஆன் பண்ணா பழைய பழக்கம் திரும்பிடும், தொடாதீங்க.

பழைய டேட்டாவ இம்போர்ட் பண்ணும்போது வேகத்துக்காக எஃப்சிங்க் ஆஃப் பண்ணேன். செம வேகம். அப்படியே விட்டுட்டேன், மூணு மாசமா ஒண்ணும் ஆகல. விட்டுடலாமா?
— ஸ்டார்ட்அப் டெவலப்பர், சென்னை

இம்போர்ட்டுக்கு சரி, கெட்டுப்போனா அழிச்சுட்டு மறுபடி இம்போர்ட் பண்ணிக்கலாம். ஆனா விட்டு வைக்காதீங்க. ஹெல்மெட் போடாம மூணு மாசம் ஓட்டுனதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

உங்களுக்கு வேகம்தான் வேணும், கடைசி ஒரு நிமிஷ லைக், வியூ எண்ணிக்கை போனா பரவால்லன்னா அதுக்கு வேற பட்டன் இருக்கு, சிங்க்ரனஸ் கமிட்ட ஆஃப் பண்ணுங்க. ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும், ஒண்ணே இல்ல. சிங்க்ரனஸ் கமிட் ஆஃப்னா குறிப்பேட்ட கொஞ்சம் லேட்டா எழுதும், தானா இருக்கற செட்டிங்ல 200 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவ, அதிகபட்சம் அதுல மூணு மடங்கு, அதாவது முக்கால் செகண்ட் கூட இல்ல, அவ்ளோ கமிட்தான் போகும். எந்திரிச்சதும் மிச்சம் எல்லாம் ஒழுங்கா இருக்கும். எஃப்சிங்க் ஆஃப்னா எது முதல்ல எது அப்புறம்கற வரிசையே போச்சு, குறிப்பேட்டுல ஏறாதது பேரேட்டுல இருக்கும், கரண்ட் போய் வந்தா மொத்த டேட்டாபேஸும் குப்பையா எந்திரிக்கலாம், இல்ல எந்திரிச்ச மாதிரி நடிக்கலாம், ரெண்டாவதுதான் பயங்கரம். இதுல இன்னொரு அழகு, சிங்க்ரனஸ் கமிட்ட டிரான்சாக்ஷனுக்கு ஒண்ணா மாத்திக்கலாம், லைக்குக்கு ஆஃப், பேமெண்ட்டுக்கு ஆன்.

மைஎஸ்க்யூஎல்ல இதுக்கு ஈடு, லாக் ஃப்ளஷ் செட்டிங்ல 1, 2, 0. 1-னா ஒவ்வொரு கமிட்டுக்கும் டிஸ்க் வரைக்கும், 2-னா ஒவ்வொரு கமிட்டுக்கும் திண்ணை வரைக்கும், டிஸ்க்குக்கு செகண்டுக்கு ஒரு தடவ, 0-ன்னா திண்ணைக்கே செகண்டுக்கு ஒரு தடவதான். 2 வச்சா மைஎஸ்க்யூஎல் கிராஷ் ஆனா தாங்கும், கரண்ட் போனா சுமார் ஒரு செகண்ட் போகும்.

சார், நான் எழுதுன சின்ன புரோகிராம், டேட்டாபேஸ் எல்லாம் இல்ல, செட்டிங்ஸ் ஃபைல மட்டும் சேவ் பண்ணும். கரண்ட் போய் வந்தா ஃபைல் இருக்கு, ஆனா 0 பைட். பழசும் இல்ல புதுசும் இல்ல!
— பாலிடெக்னிக் மாணவி, சேலம்

இதே கதைக்காக 2009-ல ஒரு பெரிய சண்டையே நடந்துச்சும்மா. ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் அப்பதான் புதுசு, அதுல டேட்டாவுக்கு டிஸ்க்ல எந்த இடம்னு முடிவு பண்றதையே கடைசி வரைக்கும் தள்ளிப்போடும். உபுண்டுல முன்கூட்டியே போட்டுப் பாத்தவங்க கிராஷுக்கு அப்புறம் டெஸ்க்டாப் செட்டிங்ஸ் ஃபைல் எல்லாம் 0 பைட்டா கெடக்குன்னு அலறுனாங்க. வேற பேர்ல புது ஃபைல் எழுதி பழைய பேருக்கு மாத்துனப்ப, பேரு மாத்துனது டிஸ்க்குக்குப் போயிடுச்சு, உள்ள இருக்க வேண்டிய டேட்டா போகல, அதான். அப்புறம் 2.6.30 கெர்னல்ல, பழைய ஃபைல் மேல பேர மாத்தி வச்சா டேட்டாவையும் சேத்து அனுப்பற மாதிரி ஒட்டுப் போட்டாங்க.

நீ செய்ய வேண்டியது: பழைய ஃபைல காலி பண்ணிட்டு அதுலயே எழுதாத. பக்கத்துல வேற பேர்ல எழுது, அதுக்கு எஃப்சிங்க், அப்புறம் பழைய பேருக்கு ரீநேம், அப்புறம் அந்த ஃபோல்டருக்கும் ஒரு எஃப்சிங்க். கடைசி ஸ்டெப்ப எல்லாரும் மறந்துடுவாங்க, ஃபைலோட பேரு ஃபோல்டர்ல எழுதியிருக்குல்ல, அதுவும் திண்ணைலதான் கெடக்கும். இத்தன தலைவலி வேண்டாம்னா எஸ்க்யூலைட்ங்கற குட்டி டேட்டாபேஸ்ல போட்டுடு, உன் செல்போன்ல இருக்கற நிறைய ஆப் அதத்தான் பண்ணுது.

என் லேப்டாப்ல செகண்டுக்கு ஆயிரக்கணக்குல கமிட் ஆகுது, ஆபீஸ் சர்வர்ல நூத்துக்கு மேல ஏற மாட்டேங்குது. ரெண்டுலயும் எஃப்சிங்க் ஆன்தான். ஓடறதும் ஒரே புரோகிராம்தான். சர்வர்ல ஏதோ கோளாறா?
— டெவலப்பர், மதுரை

கோளாறு லேப்டாப்ல இருக்கலாம்.

உங்க சர்வர்ல 7200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க்னு வச்சுக்கோங்க. நிமிஷத்துக்கு 7200 சுத்து, செகண்டுக்கு 120. வால் எப்பவும் கடைசில போய் ஒட்டிக்கறதால, ஒரு கமிட் எழுதி முடிச்சு அடுத்தத எழுத வர்றதுக்குள்ள அந்த இடம் ஊசியத் தாண்டிப் போயிருக்கும், அது திரும்ப வர ஒரு சுத்து, 8 மில்லிசெகண்ட் சொச்சம். ஒரே கனெக்ஷன்ல ஒண்ணு ஒண்ணா கமிட் பண்ணா செகண்டுக்கு 120 பக்கம்தான் வரும், நீங்க சொல்ற நூறு நேர்மையான டிஸ்க்கோட நம்பர். அதே டிஸ்க்ல ஆயிரம் ரெண்டாயிரம்னு வந்தா சந்தோஷப்படாதீங்க, டிஸ்க்குக்குள்ள இருக்கற குட்டி கேஷ்ல வாங்கி வச்சுக்கிட்டு "எழுதியாச்சு"ன்னு அதுவும் புளுகுதுன்னு அர்த்தம். குடோன் வாசல்ல இன்னொரு திண்ணை!

லேப்டாப் மேக்னா கதை வேற, மேக்ல சாதா எஃப்சிங்க் டிஸ்க் வரைக்கும் அனுப்பும், ஆனா "உள்ள இருக்கற கேஷையும் காலி பண்ணு"ன்னு டிஸ்க்குகிட்ட சொல்லாது, அதுக்குத் தனியா ஃபுல் எஃப்சிங்க்னு ஒண்ணு இருக்கு, ஆப்பிளே அவங்க கையேட்டுல இத எழுதி வச்சிருக்காங்க. சாதா எஸ்எஸ்டின்னா நிஜமாவே வேகமாவும் இருக்கலாம், புளுகவும் செய்யலாம். சர்வருக்குன்னு விக்கற எஸ்எஸ்டில சின்ன கெப்பாசிட்டர் வச்சிருப்பாங்க, கரண்ட் போனாலும் அந்த மிச்ச சார்ஜ்ல கேஷ்ல இருக்கறத எழுதி முடிச்சுட்டுத்தான் கண்ண மூடும். பல டிஸ்க்க ஒண்ணா சேத்து ஓட்டற ரெய்டு கார்டுல பேட்டரி வைக்கறதும் இதுக்குத்தான். அது இருந்தா வேகமும் உண்மை, வாக்கும் உண்மை, காசுதான் கொஞ்சம் கூட.

போஸ்ட்கிரஸோட பிஜி டெஸ்ட் எஃப்சிங்க்னு ஒரு சின்ன டூல் வரும், ரெண்டு மெஷின்லயும் ஓட்டி நம்பர ஒப்பிட்டுப் பாருங்க. அதுலயும் சந்தேகம் தீரலன்னா டிஸ்க்செக்கர்னு ஒரு பேர்ல் ஸ்கிரிப்ட் இருக்கு, அத ஓட விட்டுட்டு நடுவுல பிளக்க புடுங்கணும், ஷட்டவுன் இல்ல, நெஜமாவே சுவத்துல இருந்து புடுங்கணும். திரும்ப ஆன் பண்ணதும், எழுதியாச்சுன்னு டிஸ்க் சொன்னதுல எத்தன இல்லன்னு இன்னொரு மெஷின் லிஸ்ட் போட்டுக் குடுத்துடும். லேப்டாப்ல பேட்டரி இருக்கறதால இந்த வைத்தியம் பலிக்காது. சர்வர்ல பண்றதா இருந்தா ஞாயித்துக்கிழமை பண்ணுங்க, பேக்கப் எடுத்துட்டு, உங்க மேனேஜர்கிட்ட எழுத்துல வாங்கிட்டு.